காசு போன வழியே போனால் பெண் கிடைப்பார்: நேட்டால் ஆவணங்களில் தேடிய அனுபவம்

தென்னாப்பிரிக்காவின் நேட்டால் காலனிக்கு ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலியாகப் போன ஒரு பெண்ணின் வாழ்க்கையை ஆவணங்களில் தேடக் கிளம்புகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதுதான்: பெயரைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், அவருக்குக் கொடுக்கப்பட்ட கூலி எண்ணைப் பிடித்துக்கொண்டு போங்கள். எண் கைக்கு வந்ததும், அவரால் யாருக்குக் காசு வந்தது, யாருக்குக் காசு போனது என்று கேளுங்கள். காலனி அரசு ஒரு கூலிப் பெண்ணைப் பற்றித் தாளில் பேனா வைத்தது பெரும்பாலும் இந்த இரண்டு சமயங்களில்தான்.

நான் வரலாறு படித்தவள் அல்ல. வங்கியில் பேரேடு பார்த்து ஓய்வு பெற்றவள். ஊர் வேலூர்ப் பக்கம். டர்பனிலிருந்து பூர்வீகம் தேடி வந்த ஒரு குடும்பத்துக்கு ஊர்ப்பெயர் கண்டுபிடித்துக் கொடுக்கப் போய் இந்த வேலையில் மாட்டிக்கொண்டேன். அவர்கள் கையில் கப்பல் பட்டியலின் நகல் இருந்தது. கொள்ளுத்தாத்தாவின் வரியில் ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருந்தன. கிராமத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது போதுமாயிருந்தது. அடுத்த வரி அவருடைய மனைவி. அங்கே பெயர், வயது, உயரம் தவிர மற்ற கட்டங்களிலெல்லாம் மேற்படி, மேற்படி, மேற்படி. கணவரின் ஊர்தான் அவருக்கும் ஊர், கணவரின் சாதிதான் அவருக்கும் சாதி. கணக்கு எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், மேற்படி போடுவது விசாரித்து எழுதுகிற கை அல்ல, சீக்கிரம் முடிக்கப் பார்க்கிற கை. அந்த மேற்படிகளுக்கு அடியில் வேறொரு ஊர் இருக்கக்கூடும் என்ற சந்தேகம் அன்றே வந்துவிட்டது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் போய்ச் சேர்ந்தது. 1866-இல் ஆள் அனுப்புவது நின்றது. 1874-இல் மறுபடி தொடங்கியது. 1911-இல் இந்திய அரசு அடியோடு நிறுத்தும் வரை 1,52,184 பேர் போனார்கள். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னைத் துறைமுகம் வழியாகவும் மற்றவர்கள் கல்கத்தா வழியாகவும் போனவர்கள். சென்னை வழியாகப் போனவர்களில் எங்கள் வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் ஏராளம். மொத்தத்தில் நான்கில் ஒருவர் பெண் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. திருமணம், மருத்துவமனை, நீதிமன்றம், சாவு என்று எந்தத் தாளில் பெயர் ஏறினாலும் கூடவே அந்த எண்ணும் ஏறும். ஆளை அடையாளம் காணாதபடி அவமதித்த அதே எண்தான் இன்று நமக்கு அவரைக் காட்டிக்கொடுக்கிறது. கசப்பான விஷயம்தான், ஆனால் வேலைக்கு உதவுகிறது.

பட்டியல்களைப் பெயர்த்தெழுதிய தரவு டர்பன் வெஸ்ட்வில் வளாகத்திலுள்ள காந்தி–லுதுலி ஆவண மையத்தில் இருக்கிறது. அதை மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொள்ளாதீர்கள். பெயர்த்தெழுதியவர் படிக்க முடியாததைத் தமக்குத் தெரிந்த எழுத்தாக மாற்றியிருப்பார். மூலப் பக்கத்தின் படத்தை எப்பாடுபட்டாவது வாங்கிவிடுங்கள். காரணம், பட்டியலில் ஒரு பெண்ணைப் பற்றிய தகவலில் பாதி அவருடைய வரியில் இருப்பதில்லை. மேலேயும் கீழேயும் இருக்கிறது.

கப்பலேறும்வரை ஆட்களைத் தங்கவைத்த முகாமான டிப்போவில் பெயர் சொல்லி வரிசையில் நின்றவர்கள் அந்த வரிசையிலேயே ஏட்டில் ஏறினார்கள். எனவே மேலே இருபது வரி, கீழே இருபது வரி படிப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். தனிப் பெண் என்று தனியே பார்த்தால் தோன்றுகிறவர், பக்கத்தில் அதே தாலுகாவைச் சேர்ந்த இன்னொரு தனிப் பெண்ணோடும் ஒரு குழந்தையோடும் நின்றிருப்பார். தகப்பன் பெயர் இருவருக்கும் ஒன்றாக இருந்தால் அக்காள் தங்கை. ஒன்றாக இல்லாவிட்டாலும் ஒரே ஊரிலிருந்து சேர்ந்து கிளம்பியவர்களாக இருக்கலாம். 'யாருமற்ற விதவை கப்பலேறினாள்' என்று குடும்பக் கதைகளில் வருகிற பெண்கள் சிலர், வரிசையைப் படித்தால், அத்தனை யாருமற்றவர்களாக இல்லை.

மறுபக்கமும் உண்டு. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருக்க வேண்டும் என்பது விதி. பெண் தொகை குறைந்தால், ஆள் சேர்த்து அனுப்பும் குடியேற்ற ஏஜெண்டுக்குத் தலைவலி. கப்பல் புறப்படும் நாள் நெருங்கும்போது டிப்போவிலேயே ஜோடி சேர்ந்தவர்களும் இருந்தார்கள், ஜோடி என்று எழுதப்பட்டவர்களும் இருந்தார்கள். இரண்டும் ஒன்றல்ல. கரையிறங்கிய பிறகு, 'இவர் என் புருஷன் இல்லை, டிப்போவில் எழுதிவிட்டார்கள்' என்று முறையிட்ட பெண்கள், கூலிகளின் குறை கேட்கும் நேட்டால் அதிகாரியான பாதுகாவலரின் கோப்புகளில் இருக்கிறார்கள். ஆகவே கணவன் மனைவி என்று எழுதியிருக்கிற வரிகளில் நான் முதலில் பார்ப்பது மேற்படிகளைத்தான். ஊர், சாதி எல்லாவற்றிலும் மேற்படி இருந்தால் எதையும் முடிவு கட்டுவதில்லை. ஊர் வேறாக எழுதப்பட்டிருந்தால் அந்த எழுத்தருக்கு மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன். அவர் கேட்டு எழுதியிருக்கிறார்.

வயதை நம்ப வேண்டாம். இருபது, இருபத்தைந்து என்று உருட்டி எழுதியவை அதிகம். சாதிக் கட்டத்தையும் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சொன்னவர் எதையோ நினைத்துச் சொன்னார், எழுதியவர் தமக்குத் தெரிந்ததை எழுதினார். டர்பனிலிருந்து வருகிற சிலருக்கு அந்தக் கட்டத்தின் மீதுதான் ஆர்வம் அதிகம். பட்டியலில் இருப்பதைவிட ஒரு படி மேலே ஏற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டவர்களும் உண்டு. நான் அந்த வேலைக்குப் போவதில்லை.

அடையாளக் கட்டம்தான் எனக்குப் பிடித்தது. அம்மைத் தழும்பு, நெற்றியில் வெட்டுக்காயம், இடது முன்கையில் பச்சை. ஆள் ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதி வைத்தது. ஒரே பெயரில் ஒரே கப்பலில் மூன்று பெண்கள் வரும்போது அவர்களைப் பிரித்துக் காட்டுவது உயரமும் இந்தக் கட்டமும்தான். குடும்பத்தாரிடம் பேசும்போது 'பாட்டி எந்த ஊர்' என்று கேட்டால் தெரியாது என்பார்கள். 'பாட்டி கையில் பச்சை குத்தியிருந்தாரா, எந்தக் கையில்' என்று கேட்டுப் பாருங்கள். எண்பது வயது மூதாட்டிகூடத் தன் பாட்டியின் மடியில் கிடந்து தடவிப் பார்த்த பச்சையைச் சொல்லிவிடுவார்.

பெயர் விஷயத்தில் ஒரே ஒரு யோசனை: கண்ணால் படிக்காமல் வாயால் படியுங்கள். முனியம்மா ஒரு பக்கத்தில் மூனியமா, இன்னொன்றில் மினியம்மா, மூன்றாவதில் மோனியம். எல்லம்மாவுக்கும் அலமேலுவுக்கும் இதே கதி. தகப்பன் பெயர், கப்பல், வந்த ஆண்டு ஆகியவற்றோடு சேர்த்துத் தேடினால்தான் ஆள் அகப்படுவார்.

இனிக் காசுக்கு வருகிறேன்.

ஆணுக்கு முதல் ஆண்டு மாதம் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடி ஐந்தாம் ஆண்டில் பதினான்கு. பெண்ணுக்கு இதில் பாதி, படியரிசியும் பாதி. இதை மனதில் வைத்துக்கொண்டு 1895-ஆம் ஆண்டின் 17-ஆம் சட்டத்தைப் படியுங்கள். ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பாமலும் மறுபடி ஒப்பந்தத்தில் சேராமலும் நேட்டாலில் தங்குகிறவர் ஆண்டுக்கு மூன்று பவுண்டு வரி கட்ட வேண்டும். பிறகு பிள்ளைகளையும் இதில் சேர்த்தார்கள்: பையனுக்குப் பதினாறு வயதிலிருந்து, பெண்ணுக்குப் பதின்மூன்று வயதிலிருந்து. மூன்று பவுண்டு என்றால் அறுபது ஷில்லிங். முதலாண்டுச் சம்பளமான ஐந்து ஷில்லிங்கால் வகுத்துப் பாருங்கள். ஒரு பெண்ணின் முழு ஆண்டுச் சம்பளம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் புரிந்தது: ஐந்தாண்டு முடிந்தும் அதே தோட்டத்தில் மறுபடி கைநாட்டு வைத்த பெண்களை 'தோட்ட வாழ்க்கை பழகிவிட்டது' என்று எழுதுவது எத்தனை சோம்பேறித்தனம் என்பது. விடுதலைக்கு விலை போட்டிருந்தார்கள். அதைக் கட்ட அவர்களிடம் காசு இல்லை.

காசு எங்கெல்லாம் கைமாறியதோ அங்கெல்லாம் தாள் பிறந்தது. வேலைக்கு வராத பெண்ணால் முதலாளிக்கு நஷ்டம்: மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கு. பெண் வேறு தோட்டத்துக்குப் போக வேண்டும் என்றால் மீதி ஒப்பந்தக் காலத்துக்கு யார் பணம் தருவது: கடிதப் போக்குவரத்து. பெண் ஒருவரை விட்டு இன்னொருவரோடு போய்விட்டால் 'என் கல்யாணச் செலவைத் திருப்பிக் கொடு' என்று முதலாமவர் முறையீடு. செத்துப்போனால் பெட்டியில் இருந்த சொற்பத்துக்கு வாரிசு யார் என்ற விசாரணை. ஊர் திரும்பினால் கப்பல் கட்டணம் யாருடையது என்ற கணக்கு. பக்கத்து லைன் வீட்டுப் பெண்ணோடு சிநேகமாக இருந்தது, பாட்டுப் பாடியது எதுவும் ஏட்டில் இல்லை. யாருக்கும் அதில் ஷில்லிங் இல்லை.

இவற்றில் நகைப் பட்டியல்களைத் தேடிப் படியுங்கள் என்று தனியாகச் சொல்வேன். கையில் சேர்ந்த காசை வைக்கப் பெண்களுக்கு இருந்த இடம் உடம்புதான். அதனால் சண்டை, பிரிவு, திருட்டு என்று எது நடந்தாலும் முறையீட்டில் நகை வந்துவிடும். வெள்ளிக் காப்பு ஒரு ஜோடி, தண்டை ஒரு ஜோடி, மூக்குத்தி ஒன்று என்று மொழிபெயர்ப்பாளர் வரிசையாகச் சொல்ல, ஆங்கிலக் குமாஸ்தா மதிப்புப் போட்டு எழுதியிருப்பார். பாதிச் சம்பளக்காரி ஒருத்திக்கு இத்தனை வெள்ளி எப்படி வந்தது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனால் தோட்ட வேலைக்கு வெளியே அவர் என்ன செய்தார் என்பது சில சமயம் தெரியவரும்: காய்கறி விற்றது, கோழி வளர்த்தது, சீட்டுப் போல ஏதோ ஒன்றில் பணம் போட்டது. வங்கியில் நகைக்கடன் பிரிவில் இருந்தவள் என்பதால் எனக்கு இதில் ருசி கொஞ்சம் அதிகம் என்று ஒப்புக்கொள்கிறேன்.

இந்தக் காகிதங்களில் பெரும்பகுதி 'இந்தியக் குடியேற்றத் துறை' என்ற தலைப்பின் கீழ் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. தென்னாப்பிரிக்க தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் வீட்டிலிருந்தே தேடலாம். கோப்பின் உள்ளே இருப்பது இணையத்தில் கிடைக்காது. ஒரு வரிச் சுருக்கம்தான் கிடைக்கும். பல சுருக்கங்களில் முறையிட்டவரின் கூலி எண்ணும் வரும். பெயரைப் போட்டுத் தேடி ஏமாந்தால் எண்ணைப் போடுங்கள். அதுவும் வராவிட்டால் முதலாளியின் பெயரையோ தோட்டத்தின் பெயரையோ போடுங்கள். வெருலம், டோங்காட், ஸ்டேஞ்சர், தெற்கே உம்சிண்டோ என்று கரும்புப் பகுதிகளின் பெயர்களை எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் தேடல் வேகமாக நடக்கும். கோப்பைப் படம் எடுக்கும்போது முதல் படம் அட்டையாக இருக்கட்டும்: துறை, கட்டு எண், கடித எண், ஆண்டு. வீட்டுக்கு வந்து ஐந்நூறு படங்களைப் புரட்டும்போது இதன் அருமை தெரியும்.

முறையீட்டுக் கோப்பைப் படிப்பது தனிக் கலை. பாதுகாவலர் என்ற பதவி 1872-ஆம் ஆண்டு விசாரணைக்குப் பிறகு ஏற்பட்டது. அந்த விசாரணையே, ட்ரூரோ காலத்தில் போய் 1871-இல் ரெட் ரைடிங் ஹூட் என்ற கப்பலில் சென்னை திரும்பியவர்கள் இங்கே வந்து சொன்ன குறைகளால் நடந்தது. பாதுகாவலர் இருந்தது டர்பனில். அனுமதிச் சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே வந்தால் வழியில் பிடித்து அடைக்கலாம். கூட்டமாகப் போய் முறையிட்டால், முறையீடு நியாயமானதாகவே இருந்தாலும் தண்டிக்க 1891-ஆம் ஆண்டின் 25-ஆம் சட்டம் இடம் கொடுத்தது. அதனால் ஒரு பெண்ணின் பெயரில் முறையீடு இருக்கிறது என்றாலே, அவர் எதைப் பணயம் வைத்து நடந்து வந்தார் என்பது முதல் தகவல். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்பது அதற்குப் பிறகுதான்.

உள்ளே இருப்பது அவருடைய குரல் அல்ல. அவர் தமிழிலோ தெலுங்கிலோ சொன்னார். மொழிபெயர்ப்பாளர் சுருக்கினார். குமாஸ்தா 'அவள் கூறுவதாவது' என்று படர்க்கையில் எழுதினார். முதலாளிக்கு நகல் போயிற்று. முதலாளி 'சோம்பேறி, வாயாடி' என்று பதில் போட்டார். பாதுகாவலர் ஓரத்தில் இரண்டு வரி எழுதினார். நான் ஒரு தாளை நான்கு பத்தியாகப் பிரித்து, அவர் சொன்னதாக எழுதியிருப்பது, முதலாளி சொன்னது, அதிகாரி எழுதியது, தேதி என்று வரிசைப்படுத்துகிறேன். தேதிப் பத்தி பல பொய்களை உடைத்துவிடும். செவ்வாய்க்கிழமை முறையிட்டவரைத் திங்கட்கிழமையே 'ஓடிப்போனவள்' என்று போலீஸில் எழுதிவைத்த முதலாளிக்கு, அவர் வரப்போவது முன்னமே தெரிந்திருக்கிறது. முறையீட்டில் பொதுவான வார்த்தைகளை ஒதுக்கிவிட்டு, யாரும் இட்டுக்கட்ட வேண்டிய தேவையில்லாத சின்ன விவரங்களை அடிக்கோடிடுங்கள். பித்தளைச் சொம்பு, ஞாயிற்றுக்கிழமைப் படி அளந்தது, சர்தாரின், அதாவது தோட்டத்து மேஸ்திரியின், மனைவி சொன்ன ஒரு சொல். அவற்றில் அவர் கொஞ்சம் இருக்கிறார்.

இந்தப் படர்க்கையைத் தன்மையாக்கி, 'ஐயா, நான் என்ன பாவம் செய்தேன்' என்று தமிழ் வசனம் எழுதி அந்தப் பெண்ணின் வாயில் திணிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். எனக்குக் கோபம் வருகிறது. இல்லாத கண்ணீரை ஊற்றி இருக்கிற துணிச்சலை மறைத்துவிடுகிறார்கள். முறையீடுகளில் அழுகை குறைவு, கணக்கு அதிகம். இத்தனை மாதச் சம்பளம் வரவில்லை, இத்தனை படி அரிசி குறைந்தது, பிள்ளை பெற்ற வாரங்களுக்குப் படி தரவில்லை. கணக்குச் சொல்லத் தெரிந்த பெண்கள்.

அதிகாரிகள் பெண்களைப் பற்றி எழுதுகிற மொழி வேறு. 'ஒழுக்கம் கெட்டவர்கள்', 'கடைத்தெருவில் பொறுக்கியவர்கள்' என்று கூசாமல் எழுதுவார்கள். நேட்டால் இந்தியர்களின் நிலையை 1885 முதல் 1887 வரை விசாரித்த வ்ராக் ஆணையத்தின் சாட்சியங்களிலும் இந்த வாடை உண்டு. லைன் வீடுகளில் தடுப்புச் சுவர் சரியில்லை, பெண்கள் தொகை குறைவு, வேலைக்குப் போகாத நாளுக்கு வயிற்றுக்கு இல்லை. இவற்றால் வந்த சண்டைக்கும் தற்கொலைக்கும் பெண்ணின் நடத்தையைக் காரணம் காட்டினால் எவருக்கும் செலவில்லை. எனவே 'ஒழுக்கம் கெட்டவள்' என்று கண்டால், அது எழுதியவரைப் பற்றிய தகவல் என்று குறித்துக்கொண்டு, அதை எழுதியதால் யாருக்குக் காசு மிச்சமாயிற்று என்று பார்க்கிறேன். பெரும்பாலும் பதில் இருக்கிறது.

திருமணப் பதிவேடு இன்னொரு சுரங்கம். பதிவு பாதுகாவலர் அலுவலகத்தில். 1891 சட்டப்படி பெண்ணுக்குப் பதின்மூன்று வயது, ஆணுக்குப் பதினாறு வயது ஆகியிருக்க வேண்டும். இரு தரப்பு எண்களும் இருப்பதால், இரண்டு கப்பல் பட்டியல்களை ஒரே வரியில் கட்டிவிடலாம். ஆனால் ஊர் வழக்கப்படி தாலி கட்டிக்கொண்டு பதிவு செய்யாமல் விட்டவர்கள் ஏராளம். பதிவு இல்லை என்பதால் கல்யாணம் இல்லை என்று எழுதிவிடக் கூடாது. 1913 மார்ச்சில் கேப் நகர நீதிபதி சியர்லின் தீர்ப்பு, கிறிஸ்தவ முறைப்படி நடக்காத கல்யாணங்களைச் செல்லாதவையாக்கியது, அந்த ஆண்டு காந்தி நடத்திய சத்தியாகிரகத்துக்கு அதுவும் ஒரு காரணம். அந்தப் போராட்டத்தில் சிறை சென்று 1914 பிப்ரவரி 22 அன்று இறந்த தில்லையாடி வள்ளியம்மையை நாம் அறிவோம். அவர் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து வந்தவர், ஒப்பந்தக் கூலி அல்ல. 1913-இன் பிற்பகுதியில் நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களிலும் கடலோரக் கரும்புத் தோட்டங்களிலும் வேலைநிறுத்தம் செய்த கூலிப் பெண்களைத் தேட விரும்புகிறவர்கள் மாஜிஸ்திரேட் பதிவுகளையும் சிறைப் பதிவுகளையும் பாருங்கள். பத்திரிகைகளில் அவர்கள் கூட்டமாக மட்டுமே வருகிறார்கள்.

சென்னையில் இருப்பவர்களுக்கு எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. அங்கே ஒரு தனிப்பட்ட பெண்ணைத் தேடிப் போனால் வெறுங்கையோடு வருவீர்கள். கப்பலைத் தேடுங்கள், குடியேற்ற ஏஜெண்டைத் தேடுங்கள், ஆண்டைத் தேடுங்கள். ஆண்டுவாரி அட்டவணையில் குடியேற்றம் என்ற தலைப்பின் கீழ் அரசாணை எண்களைக் குறித்துக்கொண்டு கேட்டால், எந்த ஆண்டு எந்த ஜில்லாவில் ஆள் சேர்ப்பது ஏன் கூடியது, பெண் தொகை ஏன் குறைந்தது, டிப்போவில் என்ன நோய் வந்தது என்பதெல்லாம் கிடைக்கும். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சத்தை ஒட்டிய கட்டுகளைக் கட்டாயம் பாருங்கள். 'கோயில் திருவிழாவுக்குப் போன இடத்தில் பிடித்துப் போய்விட்டார்கள்' என்று பல குடும்பங்கள் சொல்கின்றன. ஏமாற்றி ஏற்றியது நடந்தது, சந்தேகமே இல்லை. ஆனால் பாட்டியின் ஊரில் அந்த ஆண்டு மழை பெய்ததா என்றும் பார்த்துவிடுவது நல்லது. பட்டினியால் தானே முடிவெடுத்துக் கிளம்பியவரைக் கடத்தப்பட்டவராக மாற்றினால், அவர் எடுத்த முடிவை நாம் பிடுங்கிக்கொண்டவர்கள் ஆவோம்.

பிற இடங்களுக்குப் போனவர்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பிஜிக்குப் போன 60,965 பேருக்கு ஆளுக்கொரு குடியேற்றச் சீட்டு உண்டு. பட்டியலைவிடப் படிக்க எளிது. மொரீஷியஸுக்கு மோக்காவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் புகைப்படப் பதிவேடுகளும் இருக்கின்றன. முகமே கிடைக்கும். இலங்கைக்கும் மலேயாவுக்கும் கங்காணி வழியாகப் போனவர்களுக்கு இப்படி ஆள்வாரிப் பதிவு பெரும்பாலும் இல்லை. தோட்டத்தின் செக்ரோல் (வேலையாட்களின் வருகைப் பதிவேடு), பிறப்பு இறப்புப் பதிவு என்று வேறு வழியில் போக வேண்டும்.

குடும்பத்தாரிடம் எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதற்கு விதி கிடையாது. ஒரு பெரியவரிடம், அவருடைய கொள்ளுப்பாட்டி கப்பலில் வந்த கணவரை விட்டு, முறையிட்டு, வேறு தோட்டம் மாறி, இன்னொருவரோடு வாழ்ந்தார் என்று சொன்னேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, 'அப்படியானால் நாங்கள் யார் வழி' என்று கேட்டார். இரண்டாமவர் வழி. அவர் அதை யாரிடமும் சொல்ல வேண்டாம் என்றார். அவருடைய பேத்தி எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். நான் கோப்பின் நகலை இருவருக்கும் கொடுத்தேன். பொதுவெளியில் எழுதும்போது பெயர், எண், தோட்டம் மூன்றையும் விட்டுவிடுகிறேன். வன்முறை பற்றிய கோப்புகளில் மருத்துவர் எழுதிய பக்கத்தை, கேட்டால் ஒழிய, யாருக்கும் அனுப்புவதில்லை. செத்துப்போனவர்களுக்கும் மானம் உண்டு என்பது என் கட்சி. ஆய்வாளர்கள் சிலர் இதை ஏற்பதில்லை.

இப்போது கையில் இருப்பது ஒரு தகராறு. ஒரே பெயர், ஒரே தாலுகா, சில ஆண்டு இடைவெளியில் வந்த இரண்டு பெண்கள். ஒருவர் கணவரோடு வந்தவர், நெற்றியில் தழும்பு. இன்னொருவர் கைக்குழந்தையோடு தனியாக வந்தவர், இடது முன்கையில் பச்சை. குடும்பத்துக்கு முதலாமவர்தான் வேண்டும். கௌரவமாக இருக்கிறது. ஆனால் பாட்டி கையில் தேள் உருவம் பச்சை குத்தியிருந்ததைச் சின்னத் தாத்தா கண்ணால் பார்த்திருக்கிறார். இடது கையா வலது கையா என்பதில் மட்டும் அவருக்குத் தடுமாற்றம். முதலாளி எழுதிய கடிதமொன்றில் பெயர் இருக்கிறது, எண் இல்லை. தோட்டம் இருந்த பகுதியின் மாஜிஸ்திரேட் கட்டுகளைக் கேட்டு எழுதியிருக்கிறோம். குழந்தைக்குப் படி கேட்டு அவர் வழக்குப் போட்டிருந்தால் எண் அங்கே இருக்க வேண்டும். டர்பனிலிருந்து இந்தக் குடும்பத்துப் பேத்தி போன வாரம் கேட்டு எழுதியிருந்தார்: 'ஆன்ட்டி, கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகிறது, பூர்வீக ஊர் போட்டுவிடலாமா?' தாலுகா பெயரோடு நிறுத்திக்கொள்ளுங்கள் என்று பதில் போட்டிருக்கிறேன்.